ஒரு மரத்தின் விலை: 15 லட்சமா, 600 ரூபாயா?

பள்ளிக்கூடச் சுவர்களிலும் மரம் நடு விழா மேடைகளிலும் ஒரு கணக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஐம்பது ஆண்டு வாழும் ஒரு மரம் 15 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள நன்மையைச் செய்கிறது என்பது அது. கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் டி. எம். தாஸ் 1979-இல் போட்ட கணக்கு. பிராணவாயு தருவதற்கு 2.5 லட்சம், மண் அரிப்பைத் தடுத்து வளம் காப்பதற்கு 2.5 லட்சம், நீரைச் சுழலச் செய்து காற்றில் ஈரம் சேர்ப்பதற்கு 3 லட்சம், பறவை முதலிய உயிர்களுக்கு இடம் கொடுப்பதற்கு 2.5 லட்சம், காற்றின் மாசைக் குறைப்பதற்கு 5 லட்சம், புரதமாக மாறும் வகையில் 20 ஆயிரம். காய், கனி, கட்டை ஆகியவற்றின் விலை இதில் சேராது.

இன்னொரு விலையையும் பாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி மேற்கே சென்றது. புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில், தஞ்சை மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கும் கட்டுமாவடிப் பக்கத்திலும் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. விழுந்த தென்னை ஒன்றுக்குத் தமிழக அரசு அறிவித்த நிவாரணம் 600 ரூபாய். அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய். எக்டேருக்கு 175 மரம் என்று வைத்து, மொத்தம் 1,92,500 ரூபாய். மறுநடவுக்கான உதவி இதற்குப் புறம்பு.

மூன்றாவது விலையும் உண்டு. உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு ஒன்று, ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்றும், அதை மரத்தின் வயதால் பெருக்க வேண்டும் என்றும் சொன்ன செய்தி 2021-இல் வெளிவந்தது. இந்தக் கணக்குப்படி இருபது வயது மரம் ஒன்று ஏறக்குறைய 15 லட்சம் பெறும்.

ஒரே மரத்துக்கு 15 லட்சமும் 600 ரூபாயும் எப்படி விலையாகும்? முதல் கணக்கு உழவனை மரம் வைக்கச் சொல்லிக் கூப்பிடுகிறது. இரண்டாவது கணக்கு, மரம் விழுந்த பிறகு அவன் கையில் வந்து சேர்கிறது. விளைநிலத்தில் மரம் நடுவது இப்போது நாடு முழுவதும் கொள்கையாகிவிட்டது. ஆகவே இந்த இரண்டு கணக்குகளையும் நாம் ஒருமுறை பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

கட்டுமாவடி வெளியூர்க்காரர்களுக்கு மீன் சந்தையால் தெரிந்த ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேராவூரணியிலிருந்து வரும் பாதை வந்து சேரும் இடம். சாலைக்குக் கிழக்கே கடல்; மேற்கே போகப் போகத் தென்னை. 1934-இல் முடிந்த காவிரி–மேட்டூர்த் திட்டத்தின் பயனாகக் கல்லணைக் கால்வாய் இந்தப் பக்கம் நெல்லுக்கு நீர் கொண்டுவந்தது. ஆனால் இது கால்வாயின் கடைமடை. மேலே உள்ளவர்கள் எடுத்தது போக மிஞ்சியதுதான் இங்கே வந்து சேரும். நிச்சயமில்லாத நீரை நம்பி நெல் போடுவதைவிட ஆழ்குழாய்க் கிணறு போட்டுத் தென்னை வைப்பது மேல் என்று பலர் நினைத்தார்கள். தென்னை ஆண்டு முழுதும் காய்க்கும். ஏறக்குறைய 45 நாளுக்கு ஒரு வெட்டு. நாற்று நட, களை எடுக்க என்று ஆள் தேடி அலைய வேண்டாம். பெண்ணின் திருமணத்துக்கும் பையனின் படிப்புக்கும் தோப்பைக் காட்டிக் கடன் வாங்கலாம். வானத்துக் கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்று யாரும் இங்கே தென்னை வைக்கவில்லை. இதை மனத்தில் இருத்திக்கொண்டு கணக்குக்குள் போவோம்.

முதலில் பிராணவாயு. மரம் ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயுவை எடுத்துக் கார்பனைத் தன் உடலில் வைத்துக்கொள்கிறது. பிராணவாயுவை வெளியே விடுகிறது. 12 கிலோ கார்பன் சேர்ந்தால் 32 கிலோ பிராணவாயு வெளிவரும். அந்த மரம் மக்கினாலோ எரிந்தாலோ அதே 32 கிலோவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே மரம் தந்த நிகரப் பிராணவாயு என்பது, அதில் நிற்கும் கார்பனின் மறுபக்கமே தவிர வேறல்ல. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 15 மீட்டர் உயரம், 30 சென்டிமீட்டர் விட்டம் உள்ள தென்னை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தண்டின் பருமன் சுமார் 1.06 கனமீட்டர். தென்னந்தண்டு வெளியே வைரம் பாய்ந்தும் உள்ளே சோறாகவும் இருப்பதால், சராசரியாகக் கனமீட்டருக்கு 400 கிலோ உலர் எடை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 424 கிலோ. உலர்ந்த கட்டையில் ஏறத்தாழ 47 சதவீதம் கார்பன். ஆக, ஒரு மரத்தில் 200 கிலோ. இதற்கு ஈடான பிராணவாயு சுமார் 530 கிலோ. ஒரு மனிதனுக்கு ஓராண்டுக்கு 300 கிலோ அளவில் பிராணவாயு தேவை. நாற்பது ஆண்டு வளர்ந்த ஒரு தென்னையின் தண்டு உலகத்துக்குக் கொடுத்தது, ஒரு மனிதன் இரண்டு ஆண்டுகூட மூச்சுவிடக் காணாது! தேங்காயில் சேர்ந்தது தனி என்பீர்கள். அதை நாம் தின்று மூச்சாக விடும்போதோ, சிரட்டையாக எரிக்கும்போதோ அந்தக் கணக்கும் நேராகிவிடுகிறது.

காற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிராணவாயு இருக்கிறது. அதற்குப் பஞ்சம் இல்லை. பஞ்சம் இல்லாத பொருளுக்கு மருத்துவமனை உருளையின் விலையைப் போட்டால் தொகை பெரிதாகத்தான் வரும். பேராசிரியர் தாஸின் நோக்கத்தை நான் குறைசொல்லவில்லை. வெட்டுக்கட்டையின் விலையை மட்டுமே மரத்தின் விலையாக எண்ணிய காலத்தில் மற்றப் பயன்களையும் எண்ணச் சொன்னவர் அவர். ஆனால் பிறர் அதை ஒரு ரசீதைப்போல எடுத்துக்கொண்டு, எல்லா மரத்துக்கும் எல்லா ஊருக்கும் ஒட்டியதுதான் பிழை.

இப்போது கரியமில வாயு. 200 கிலோ கார்பனை 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் சுமார் 730 கிலோ கரியமில வாயு வரும். எக்டேருக்கு 175 மரம் என்றால் ஏறத்தாழ 128 டன். நாற்பது ஆண்டுக்குப் பங்கிட்டால் எக்டேருக்கு ஆண்டுக்கு 3.2 டன், மரத்துக்கு 18 கிலோ. மரம் ஒன்று ஆண்டுக்கு 22 கிலோ கரியமில வாயுவை உறிஞ்சும் என்று சுவரொட்டிகளில் எழுதுகிறார்களே, அதற்கு இது மிகத் தொலைவில் இல்லை. குறை எண்ணில் அன்று. அதை எதனால் பெருக்குகிறார்கள் என்பதில் இருக்கிறது. வழங்கிய கன்றுகளின் எண்ணிக்கையால் பெருக்குகிறார்கள். நட்ட முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் தென்னைக்குத் தண்டே கிடையாது, மட்டைதான். அதற்குள் ஆடு கடித்தும் கோடையில் காய்ந்தும் போகும் கன்றுகளைக் கழிப்பார் யாரும் இல்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. வேம்பு, பூவரசு, தேக்கு போன்றவற்றில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்னும் வளர்திசு வளையம் இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு அது புதிய கட்டையைச் சுற்றுகிறது. மரம் பருக்கப் பருக்க, ஆண்டுச் சேமிப்பும் பெருகும். தென்னையும் பனையும் ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றுக்கு இந்த வளையம் இல்லை. தண்டு தொடக்கத்தில் எவ்வளவு பருமனோ அவ்வளவுதான். உச்சிக் குருத்திலிருந்து மேலே மட்டுமே வளரும். முதிர்ந்த தென்னையின் வளர்ச்சி மெதுவாகும்போது கார்பன் சேமிப்பும் மெதுவாகிவிடும். நீர் இறைப்பு மட்டும் குறையாது.

அந்த நீரையும் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும். கோடையில் மரத்துக்கு நாளைக்கு 80 லிட்டர் என்றால், ஓர் எக்டேருக்கு 14,000 லிட்டர். 30 மீட்டர் ஆழத்திலிருந்து, மூன்றில் ஒரு பங்கு திறனே உள்ள சாதாரண மோட்டாரால், 150 நாள் இறைத்தால் ஏறக்குறைய 500 யூனிட் மின்சாரம் ஆகும். நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக 350 கிலோ. தோப்பு ஓராண்டில் சேமிப்பதில் ஒன்பதில் ஒரு பங்கு இதிலேயே போயிற்று. உரத்தை இன்னும் சேர்க்கவில்லை. வேளாண் மின்சாரம் இலவசம் என்பதால் உழவனின் நோட்டுப் புத்தகத்தில் இது ஏறுவதில்லை. ஆனால் வானத்தின் நோட்டுப் புத்தகத்தில் ஏறுகிறது. கடலோரத்தில் நிலத்தடி நீரை அதிகமாக இறைத்தால் உப்பு நீர் உள்ளே வரும் என்பது வேறு கவலை.

சரி, இந்தக் கார்பனை விற்றால் உழவனுக்கு என்ன கிடைக்கும்? கணக்குக்காக ஒரு டன் கரியமில வாயுவுக்கு 500 ரூபாய் என்று வைப்போம். 128 டன்னுக்கு 64,000 ரூபாய். அதுவும் நாற்பது ஆண்டுக்கு. எக்டேருக்கு ஆண்டுக்கு 1,600 ரூபாய், ஏக்கருக்கு 650 ரூபாய். மரத்தை அளக்க வருபவர், சான்று தருபவர், தரகர் ஆகியோர் பங்கு இதிலிருந்தே போக வேண்டும். இதே எக்டேரில் மரத்துக்கு 80 காய், காய்க்குப் பத்து ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 1,40,000 ரூபாய். செலவுக்குப் பாதியைக் கழித்தாலும் 70,000 நிற்கும். ஆயிரத்து அறுநூறு எங்கே, எழுபதாயிரம் எங்கே? ‘கார்பன் வருமானம்’ என்ற பேச்சைக் கேட்டு ஒரு சிறு விவசாயி நெல் வயலைத் தோப்பாக்கினால் அவர் ஏமாந்துதான் போவார். காய்க்காக வைத்தால் அது வேறு. அதில் கார்பன் சேருவது கூடுதல் நன்மை.

ஆனால் இந்த 70,000-க்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. மரம் நிற்க வேண்டும்.

பாக் நீரிணையைச் சூழ்ந்த இந்தக் கரையின் புயல் ஆண்டுகளைக் கேளுங்கள்: 1952-இல் நாகப்பட்டினம், 1955-இல் இராஜாமடம், 1964-இல் தனுஷ்கோடி, 1977-இல் மறுபடி நாகப்பட்டினம், 2018-இல் கஜா. ஒவ்வொன்றும் கட்டுமாவடியையே தாக்கியது என்பதில்லை. ஆயினும் நெட்டைத் தென்னை அறுபது ஆண்டுக்கு மேல் வாழ்வது. அதன் வாழ்நாளுக்குள் ஒரு பெரும்புயலாவது பக்கத்தில் வரும் என்று எண்ணித்தான் இங்கே கணக்குப் போட வேண்டும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 60 கிலோமீட்டர் வேகம் 120 ஆனால் தள்ளும் விசை இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது; சல்லிவேர்க் கொத்து பெரும்பாலும் மேல் ஒன்றரை மீட்டருக்குள் பரவி நிற்கும். மழையில் ஊறிய மண்ணில் உச்சியில் இருக்கும் கொண்டையைக் காற்று தள்ளினால், நீண்ட கடப்பாறையின் முனையை அழுத்தியது போலாகிவிடும். கஜாவில் தென்னைகள் சாய்ந்த ஊர்களில் பனைகள் பெரும்பாலும் நின்றதைப் பலரும் கவனித்துச் சொன்னார்கள்.

தோப்புகளைக் காப்பாற்றக் கடலோரம் சவுக்கு வரிசை போதும் என்று சொல்வோரும் உண்டு. இதை ஒரு நிமிடம் யோசியுங்கள். நம் வடகோளத்தில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். கஜாவின் மையம் கட்டுமாவடிக்கு வடக்கே கடந்தது. மையத்துக்குத் தெற்கே உள்ள ஊரில் காற்று எங்கிருந்து வரும்? மேற்கிலிருந்து, அதாவது நிலப்பக்கத்திலிருந்து. கடலுக்கு முன்னால் நிற்கும் சவுக்கு அந்த இரவுக்குத் தோப்பின் முதுகுப் பக்கம் நின்றது. சவுக்கு வரிசை மணலைப் பிடிக்கும், வாடைக்காற்றைத் தணிக்கும். அது போதும் அதற்கு. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், பதினைந்து மீட்டர் உயரத்தில் இருக்கும் கொண்டையை அதைவிடக் குட்டையான வேலி காக்காது.

தென்னையின் உண்மையான பலவீனம் அதன் ஒற்றைக் குருத்து. புயலில் முறிந்த வேம்பின் அடிமரம் அடுத்த மழையில் துளிர்க்கும். பூவரசைக் கிளையாக வெட்டி நட்டாலே வேர்விடும். தென்னையோ குருத்து முறிந்தால் முடிந்தது. விழுந்த வேம்பு விறகாகவும் பலகையாகவும் காசு தரும். விழுந்த தென்னையை உடனே அகற்றவில்லை என்றால் மக்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, நிற்கும் மரங்களையும் கெடுக்கும். 1952 புயலுக்குப் பின்தான் தஞ்சாவூர் வாடல் நோய் என்னும் பூஞ்சை நோய் தஞ்சைத் தோப்புகளில் கண்டறியப்பட்டது. நாற்பது ஆண்டு சேர்த்த கார்பன் சில ஆண்டுகளில் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. மறுநடவு செய்த கன்று காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டு. ஆண்டுக்கு 70,000 என்ற நம் குறைந்த கணக்கிலேயே ஆறு ஆண்டு இழப்பு எக்டேருக்கு 4,20,000 ரூபாய். 1,92,500 அதில் பாதிகூட இல்லை. 600 ரூபாய் மரத்தின் விலையல்ல, நிவாரணம்தான் என்று அதிகாரிகள் சொல்வது நியாயம். அப்படியானால் விலையை யார் தருவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அரசுக் கணக்கேடுகளின் பக்கம் திரும்புவோம். இந்திய வன அளவை நிறுவனம் ஓர் எக்டேருக்குக் குறையாத பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்காவது மர நிழல் இருந்தால், நிலம் யாருடையது, மரம் எது என்று பாராமல், அதைக் ‘காட்டுப் பரப்பு’ என்றே எழுதுகிறது. தென்னந்தோப்பும் இதில் அடங்கும். ஆகவே புயலுக்கு முதல் நாள்வரை கட்டுமாவடிப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் தங்களுக்கே தெரியாமல் காட்டுக்குச் சொந்தக்காரர்கள்! 2014-இல் மத்திய அரசு தேசிய வேளாண்காடு வளர்ப்புக் கொள்கையை வெளியிட்டது. 2015-இல் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவுக்கு ஈடான கூடுதல் கார்பனை 2030-க்குள் மரங்களில் சேமிப்போம் என்று இந்தியா உலகுக்கு வாக்களித்தது. தமிழ்நாடு 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, காடும் மரமும் உள்ள பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 ஆக உயர்த்த இலக்கு வைத்தது. இவ்வளவு இடம் காட்டில் ஏது? விளைநிலத்தில்தான் தேட வேண்டும். நாட்டின் வாக்கை உழவனின் வரப்பில் நிறைவேற்றும்போது, புயலின் நட்டத்தை மட்டும் அவன் தலையிலேயே விடுவது என்ன நீதி?

நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையை ஒட்டி வந்த நீடித்த பசுமைப் போர்வை இயக்கம், கன்று வழங்குவதோடு நில்லாமல், பிழைத்த கன்றுக்கு ஊக்கத்தொகையும் அறிவித்தது. ஆண்டுக்கு 7 ரூபாய்தான். ஆனாலும் நட்டதை விட்டு, நிற்பதை எண்ணத் தொடங்கியது பெரிய மாற்றம். கேரளத்தில் வயநாடு மாவட்டத்து மீனங்காடி ஊராட்சி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே மரத்தை அடகாக வைத்தால் கூட்டுறவு வங்கி ஆண்டுக்கு மரத்துக்கு 50 ரூபாய் வீதம் பத்தாண்டு வட்டியில்லாக் கடன் தரும்; மரத்தை வெட்டினால்தான் கடனைத் திருப்ப வேண்டும். மரம் நின்ற காலத்துக்குக் காசு என்னும் இந்த யோசனை, 15 லட்ச ரூபாய் சுவரொட்டியைவிட எனக்கு நேர்மையாகப் படுகிறது.

அப்படியானால் இந்தக் கரையில் என்ன மரம் வைக்கலாம்? சவுக்கு நான்கைந்து ஆண்டில் வெட்டுக்கு வரும். வேர்முடிச்சில் நைட்ரஜனைச் சேர்க்கும். காகித ஆலைக்கும் கட்டடச் சாரத்துக்கும் விலைபோகும். ஆனால் வெட்டி வெட்டி நடும் மரத்தில் சராசரியாக நிற்கும் கார்பன், வெட்டும் நாளின் அளவில் பாதியைத் தொடாது. பனைக்கு நீரே வேண்டாம், காற்றுக்கும் அஞ்சாது. பயன்தரப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும். ஏற ஆளும் இல்லை. தாத்தா வைத்தால் பேரன் காண்பான். வேம்பும் பூவரசும் வரப்பில் நிற்கலாம். கிழமேற்காக ஓடும் வரப்பில் வைத்தால் நெல்லுக்கு நிழல் தொல்லை குறையும். என் கருத்தைக் கேட்டால், தோப்புக்காரர் தென்னையை விட வேண்டியதில்லை. தென்னையை மட்டுமே நம்புவதை விட வேண்டும். எல்லையில் பனை, வரப்பில் வேம்பும் பூவரசும், நடுவில் தென்னை என்று கலந்திருந்தால், புயல் கழிந்த காலையில் நிலத்தில் ஏதாவது நின்றிருக்கும். அல்லது விழுந்ததில் ஏதாவது துளிர்க்கும். இதில் கார்பன் எக்டேருக்குச் சற்றுக் குறையலாம். ஆனால் அது ஓர் இரவில் மொத்தமாகக் கைவிட்டுப் போகாது.

தென்னைக்கு நான்காவது விலை ஒன்று இருப்பதைச் சொல்ல வேண்டும். தென்னை வளர்ச்சி வாரியத்தின் ஆதரவில் 2009-10-இல் முன்னோட்டமாகத் தொடங்கிய தென்னைக் காப்பீட்டில், 16 முதல் 60 வயதுள்ள மரத்துக்கு 1,750 ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். ஆண்டுக் கட்டணம் 14 ரூபாய். அதில் பாதியை வாரியமும் கால்பங்கை மாநில அரசும் ஏற்க, உழவன் கட்ட வேண்டியது 3 ரூபாய் 50 காசு. புயலும் இதில் அடக்கம். 1,750 பெரிய தொகையன்று. ஆனால் 600-ஐப் போல மூன்று மடங்கு கிட்டத்தட்ட. இத்தனை லட்சம் கன்று வழங்கினோம் என்று ஆண்டுதோறும் அறிவிக்கும் துறைகள், கட்டுமாவடி போன்ற கரையோர ஊர்களில் எத்தனை மரங்களுக்கு அந்த மூன்றரை ரூபாய் கட்டப்பட்டது என்பதையும் அதே பக்கத்தில் அச்சிடட்டும்.